யாரிடம் கேட்பது? பேராதனையும் வழிசொல்வோர் மரபும்

எமது சமூகத்தின் கல்வி வரலாற்றை எழுதுவோர் வழமையாக இரண்டு கணக்குகளைப் பார்ப்பார்கள். எத்தனை பேர் பல்கலைக்கழகம் புகுந்தார்கள் என்பது ஒன்று. எத்தனை பேர் வைத்தியராக, பொறியியலாளராக, ஆசிரியராக வெளியே வந்தார்கள் என்பது மற்றது. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் மூன்று நான்கு வருடங்கள் கிடக்கின்றன. அந்த வருடங்களில் ஒரு பிள்ளை எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது, பரீட்சையில் தவறினால் அடுத்து என்ன செய்வது என்பதையெல்லாம் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது? அதை எழுதி வைத்தவர்கள் குறைவு.

நான் கண்டிப் பக்கத்தில் பிறந்தவன். பேராதனையில் படித்தேன். பின்னர் பல்கலைக்கழகமொன்றில் கற்பித்து ஓய்வு பெற்றேன். பணியின் கடைசி ஆறு வருடங்கள், பீடமொன்றின் கல்வி ஆலோசகர் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தேன். விரிவுரையாளர்கள் சிலர் சேர்ந்து, ஒவ்வொருவரும் குறிப்பிட்ட தொகை மாணவர்களின் படிப்பைக் கவனிக்கும் ஏற்பாடு அது. அந்த வேலையில் இருந்தபோது எனக்கு எழுந்த கேள்வி வரலாற்றுக் கேள்விதான்: இதற்கு முன் இந்த வேலையை யார் செய்தார்கள்? ஏன் நின்றது? தேடிப் பார்த்ததில் விளங்கியதை இங்கே எழுதுகிறேன். சுருங்கச் சொன்னால், பல்கலைக்கழகத்தின் கதவு அகன்ற வேகத்தில் வழிசொல்வோரின் தொகை அகலவில்லை. அந்த இடைவெளியில் விழுந்தவர்களில் பெரும்பாலானோர், தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கெம்பஸ் போன பிள்ளைகள்.

இரண்டு மாதம் பொறுத்திரு

மாணவனுக்கு வழிசொல்வது எமது மரபுக்குப் புதிதல்ல. புர்ஹானுத்தீன் அஸ்ஸர்னூஜி எழுதிய 'தஃலீமுல் முதஅல்லிம்' என்ற சிறுநூலை அறபு மதரசாக்களில் ஓதியவர்கள் அறிவார்கள். ஏறத்தாழ எண்ணூறு வருடங்களுக்கு முந்தியது. எந்த அறிவைத் தேர்வது, எந்த ஆசிரியரைத் தேர்வது, எப்படிப்பட்ட தோழனைத் தேர்வது என்பதற்கென்றே அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. புகாராவுக்குப் படிக்கப் போகும் மாணவன் அவசரப்பட்டு எந்த ஆசிரியரிடமும் சேர்ந்துவிடாமல், இரண்டு மாதம் பொறுத்து, யோசித்து, கலந்தாலோசித்துத் தெரிவு செய்யவேண்டும் என்கிறது அந்நூல். இடையில் ஆசிரியரை விட்டுப் போனால் படிப்பில் பறகத் இராது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எங்கள் பீடத்தில் பாடத்தைத் தெரிந்து பதியவும் மாற்றவும் கிடைத்த அவகாசம் இரண்டு கிழமை.

அதே நூலில் இன்னொரு கதையும் உண்டு. இமாம் புகாரி முதலில் ஃபிக்ஹு படிக்கத் தொடங்கினாராம். இமாம் முஹம்மது இப்னுல் ஹஸன், "நீர் போய் ஹதீஸ் படியும்" என்று அவரைத் திருப்பி விட்டாராம். காலக்கணக்குக்கு இந்தக் கதை ஒத்துவராது. இமாம் முஹம்மது இப்னுல் ஹஸன் மௌத்தானது கி.பி. 805இல். இமாம் புகாரி பிறந்தது 810இல். ஆனாலும் இக்கதையைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குச் சொல்லி வந்தார்கள் என்பதே ஒரு சான்று. மாணவனின் இயல்பைக் கண்டு, "உனக்குரிய துறை இதுவல்ல, அது" என்று சொல்வதை ஆசிரியரின் கடமையாக அந்த உலகம் கருதியது.

எமது நாட்டுக்கு வருவோம். கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838–1898) சட்டத்தரணி, பத்திரிகையாளர், பாடசாலை நிறுவியவர் என்று பலவாறாகப் பேசப்படுகிறார். 1882இல் அவர் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' ஒரு வகையில் சமூகம் முழுவதற்குமான ஆலோசனை மேசை. பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது, இங்கிலீஷ் படிப்பது தகுமா, பெண்பிள்ளையைப் படிக்க வைப்பதா என்று தெருவில் குழம்பி நின்ற பெற்றோருக்கு அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கண்டிக்கு அருகே கலகெதரையில் 1890இல் பிறந்த ரி.பி. ஜாயா, 1921 முதல் 1948 வரை கொழும்பு ஸாஹிறாவின் அதிபராக இருந்தார். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1935இல் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் அவர். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கியவர்களில் முதன்மையானவரும் அவரே. பணமில்லாமல் படிப்பு நிற்கக்கூடாது என்பதற்காக எழுந்தது அந்த நிதி. உதவிக்கு விண்ணப்பிக்கும் மாணவன் என்ன படிக்கிறேன், ஏன் படிக்கிறேன் என்று பெரியவர் ஒருவருக்கு முன் இருந்து சொல்லவேண்டி வரும். அப்படிச் சொல்லும்போதே பாதி ஆலோசனை முடிந்துவிடும்.

இன்னோர் உதாரணம் பேராசிரியர் ம.மு. உவைஸ். பாணந்துறை ஹேனமுல்லையைச் சேர்ந்த அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்பாகப் படித்தார். முஸ்லிம்கள் தமிழ் இலக்கியத்துக்கு ஆற்றிய தொண்டை ஆராய்ந்து முதுமாணிப் பட்டம் பெற்றார். ஆய்வு 1953இல் நூலாயிற்று. அவரைத் தமிழ்ப் பக்கம் திருப்பியதில் விபுலானந்த அடிகளாரின் ஊக்கத்துக்குப் பங்குண்டு என்று உவைஸைப் பற்றி எழுதியோர் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு முஸ்லிம் பிள்ளையைப் பார்த்து, 'உன் சமூகத்தின் இலக்கியம் கவனிப்பாரின்றிக் கிடக்கிறது, நீ எடு' என்கிற மனம் ஓர் இந்துத் துறவிக்கு இருந்தது. பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென அமைந்த பேராசிரியர் இருக்கையில் உவைஸ் அமர்ந்தார். பி.மு. அஜ்மல் கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். இன்று நாம் இலகுவாகப் புரட்டும் அந்தத் தொகுதிகளுக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் காட்டிய திசை இருக்கிறது.

அக்பரின் பெயர் தாங்கிய விடுதி

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஜூலை 1ஆம் திகதி தோன்றியது. 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் ஒன்றாக்கப்பட்டன. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். அப்போது 904 மாணவர்கள், 55 ஆசிரியர்கள். ஓர் ஆசிரியருக்குப் பதினாறு, பதினேழு பிள்ளைகள். இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

பல்கலைக்கழகம் கொழும்பில் அமைவதா கண்டிப் பக்கம் அமைவதா என்று அதற்கு முன்னரே பெரிய இழுபறி நடந்தது. 'தலங்களின் போர்' என்று அதைச் சொல்வார்கள். பத்திரிகை அதிபர் டி.ஆர். விஜேவர்தன கண்டியின் பக்கம் நின்றார். அவரோடு நின்ற முக்கியமான குரல் நீதியரசர் எம்.ரி. அக்பருடையது. மலாய் முஸ்லிமான அவர் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். முதலில் தும்பறைப் பள்ளத்தாக்கு பேசப்பட்டு, ஈற்றில் பேராதனை முடிவாயிற்று. பேராதனையில் மாணவர் யாரும் காலடி வைப்பதற்கு முன்னரே, 1944இல், அக்பர் மௌத்தானார். பொறியியல் பீட மாணவர்கள் தங்கும் அக்பர்–நெல் விடுதியும், அங்கிருந்து மகாவலியைக் கடந்து பீடத்துக்குப் போகும் அக்பர் நடைபாலமும் அவர் பெயரை வைத்திருக்கின்றன. அந்தப் பாலத்தில் நடக்கும் எமது பிள்ளைகளிலேயே பலருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது. மொகலாய மன்னர் என்று நினைப்போரும் உண்டு.

கொழும்பை விட்டு விலகி ஏன் மலைநாட்டில் பல்கலைக்கழகம் வேண்டும்? பஸ்ஸில் வந்து விரிவுரை கேட்டுவிட்டு வீடு திரும்பும் மாணவன், பாடம் படிப்பானே தவிரப் பல்கலைக்கழகத்தில் வாழமாட்டான் என்பது விடுதிப் பல்கலைக்கழகத்தை விரும்பியோரின் வாதம். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் அவர்களுக்கு முன்மாதிரி. பட்ரிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் திட்டம் வரைய, ஷேர்லி டி அல்விஸ் கட்டடங்களை அமைத்தார். 1952இல் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி ஹந்தானை மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. 1954 ஏப்ரலில் இரண்டாம் எலிசபெத் மகாராணியின் முன்னிலையில் சம்பிரதாயபூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது.

இங்கே எமது விஷயத்துக்கு வேண்டியது விடுதிகளின் அமைப்பு. ஜயதிலக்க, அருணாசலம், மார்ஸ், ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தா என்று பெயர்பெற்ற அந்த மண்டபங்கள் தூங்குவதற்கு மட்டுமான இடங்களாகத் திட்டமிடப்படவில்லை. ஒவ்வொன்றிலும் கல்விமான் ஒருவர் வார்டனாக இருந்தார். அவருக்குக் கீழே துணை வார்டன்கள். சாப்பாட்டு மேசையில் மாணவரும் ஆசிரியரும் சந்தித்தார்கள். வகுப்பில் சிறு குழுக்களாக இருந்து கட்டுரை வாசிக்கும் டியூட்டோரியல் முறை இருந்தது. ஒரு மாணவன் இரண்டு கிழமை விரிவுரைக்குப் போகாவிட்டால் யாருடைய கண்ணிலாவது பட்டே தீரும். அன்றைக்குக் 'கல்வி ஆலோசகர்' என்று யாரையும் நியமிக்கத் தேவை இருக்கவில்லை. படிக்கட்டும் மேசையும் அந்த வேலையைச் செய்தன.

இதைச் சொல்லும்போது பழங்காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. அந்த மேசையில் பேசப்பட்டது இங்கிலீஷ். அந்த மேசைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இங்கிலீஷ் பாடசாலைகளில் படித்தோரின் பிள்ளைகள். எமது சமூகத்திலிருந்து அங்கு போனவர்கள் கொஞ்சப் பேர்தான். போகாத பிள்ளைக்கு அந்த ஆலோசனையால் ஒரு பயனும் இல்லை.

கதவு அகன்றபோது

1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரவின் இலவசக் கல்வி வந்தது. 1960இல் கலைப்பீடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கத் தொடங்கினார்கள். சில வருடங்களுக்குள் மாணவர் தொகை பல மடங்காயிற்று. பேராதனையில் விஞ்ஞானமும் மருத்துவமும் தொடங்கின. பொறியியல் பீடம் 1964இல் கொழும்பிலிருந்து இங்கே வந்தது. கல்முனையிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் மூதூரிலிருந்தும், கண்டியைச் சுற்றியுள்ள அக்குறணை, மடவளை, கல்ஹின்னை, கம்பளை ஆகிய ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். தமிழ் மூலம் படித்த முஸ்லிம் பிள்ளை முதன்முதலாகப் பெருந்தொகையாகப் பல்கலைக்கழகத்தைக் கண்டது இந்தக் காலத்தில்தான். இதைவிடப் பெரிய நன்மை எமக்கு நடக்கவில்லை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

ஆனால் விடுதி அறைகள் போதவில்லை. பிள்ளைகள் வெளியே போர்டிங் தேடினார்கள். வார்டனின் மேசை எல்லாருக்கும் எட்டவில்லை. டியூட்டோரியல் குழுக்கள் பெருத்தன. வந்த பிள்ளைகளில் பலருக்கு வார்டனின் மொழியே அந்நியம். வழிசொல்லும் ஏற்பாடு கட்டடத்தோடும் ஒரு மொழியோடும் கட்டுண்டு இருந்தபடியால், பிள்ளைகள் அந்தக் கட்டடத்துக்கும் மொழிக்கும் வெளியே நின்றதும் அது தானாக அற்றுப் போனது. யாரும் அதை நிறுத்தும்படி உத்தரவிடவில்லை. அதனால் அது நின்றதை யாரும் கவனிக்கவுமில்லை.

பின்பு வந்த மாற்றங்கள் குழப்பத்தை இன்னும் கூட்டின. 1971இல் தரப்படுத்தல் வந்தது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மூல மாணவனுக்கு 227 புள்ளி, தமிழ் மூல மாணவனுக்கு 250 புள்ளி. தமிழில் பரீட்சை எழுதிய முஸ்லிம் பிள்ளையும் அந்த 250க்குள்ளேயே அகப்பட்டது. 1974இல் மாவட்டக் கோட்டா. 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்களெல்லாம் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கப்பட்டன. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அவற்றை மீண்டும் தனித்தனியாக்கியது. வளாகமாயிருந்த அந்த ஆறேழு வருடம் எமது பேச்சில் தங்கிவிட்டது போலும். இன்றைக்கும் உம்மாமார் "மவன் கெம்பஸ் போறான்" என்றுதான் சொல்கிறார்கள். விதிகள் மாற மாற, விதியை விளக்கிச் சொல்லும் ஆளின் தேவை கூடியது. ஆளோ குறைந்துகொண்டு போனார்.

வழிசொல்லும் இடம் ஒருபோதும் வெறுமையாகக் கிடக்காது. ஆசிரியர் விட்ட இடத்தில் சிரேஷ்ட மாணவர் வந்து அமர்ந்தார். எந்த விரிவுரைக்குப் போவது, யாருடன் பேசுவது, என்ன உடுப்பது என்பதையெல்லாம் சீனியர் தீர்மானித்தார். நல்ல சீனியர்கள் நிறையப் பேர். குறிப்புக் கொடுத்து, சோறு கொடுத்து, காய்ச்சலில் பார்த்து விட்டவர்கள் உண்டு. எமது முஸ்லிம் மஜ்லிஸ்களும் அந்த நன்மையைச் செய்தன, இன்றும் செய்கின்றன. ஆனால் அதே அதிகாரத்தின் மறுபக்கம் பகிடிவதை. 1975இல் பேராதனை விடுதியொன்றில் மாணவியொருத்தி பகிடிவதைக்குத் தப்பி மாடியிலிருந்து குதித்து நிரந்தரமாக நடமாட்டம் இழந்தார். 1997இல் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த வருடம் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் குற்றத்தைத் தண்டிக்கும். புதிதாய் வந்த பிள்ளைக்கு, சீனியரைத் தவிர வேறு யாரைக் கேட்பது என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

தெரிவு வந்தால் துணை வேண்டும்

'கல்வி ஆலோசகர்' என்ற பதவி அமெரிக்காவில் பிறந்த விதமும் எமக்குப் பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வர்டின் தலைவர் சார்ல்ஸ் எலியட், மாணவர் தாமே பாடங்களைத் தெரிந்தெடுக்கும் முறையை விரித்தார். எல்லாரும் ஒரே பாடத்தைப் படித்த காலத்தில் எதை எடுப்பது என்ற கேள்வியே எழவில்லை. தெரிவு வந்ததும் குழப்பம் வந்தது. 1889இல் ஹார்வர்ட் முதலாம் வருட மாணவருக்கென ஆலோசகர் சபையொன்றை அமைத்தது. அதே வருடம் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் தன் ஆலோசக ஆசிரியர்களுக்கு ஒரு தலைவரை நியமித்தது. நான் ஆறு வருடம் பார்த்த வேலையின் மூத்த வடிவம் அது.

எங்கள் நாட்டிலும் அதே கதை, ஒரு நூற்றாண்டு பிந்தி. வருட இறுதிப் பரீட்சை போய், அரையாண்டுத் தவணையும் பாட அலகும் கிரெடிட்டும் வந்தன. கட்டாயப் பாடம், விருப்பப் பாடம், முன்நிபந்தனைப் பாடம் என்று பட்டியல் நீண்டது. தரப்புள்ளிச் சராசரி 3.7 இருந்தால் முதல் வகுப்பு, 3.3 இருந்தால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.0 இருந்தால் கீழ்ப்பிரிவு. தவறிய பாடத்தை மறுபடி எழுதினால், எவ்வளவு நன்றாக எழுதினாலும், பொதுவாகச் சீ தரத்துக்கு மேல் கிடைக்காது. உரிய காலத்துக்குள் முடிக்காவிட்டால் வகுப்பே இல்லை. முதலாம் வருடத்தில் விளையாட்டாகத் தவறவிட்ட ஒரு பாடம் நான்காம் வருடத்தில் வகுப்பைத் தின்றுவிடும். இதை முதல் கிழமையிலேயே யாராவது பிள்ளைக்குச் சொல்லியாகவேண்டும். வாப்பாவும் ராத்தாவும் கெம்பஸ் போன வீட்டில் இது சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. மற்ற வீட்டுப் பிள்ளைக்கு இது பெறுபேறு வந்த பின்பு கிடைக்கும் செய்தி.

குழுவை நடத்துவது

ஆலோசகர் குழுவுக்குத் தலைமை என்றால் பெரிய அதிகாரம் என்று வெளியில் நினைப்பார்கள். குழுவில் இருப்போர் எல்லாரும் சம அந்தஸ்துள்ள விரிவுரையாளர்கள். உத்தரவு போட முடியாது. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரையைப் பார்ப்பார்களேயன்றி, எத்தனை பிள்ளையின் கண்ணீரைத் துடைத்தீர் என்று கேட்கமாட்டார்கள். ஆகவே நான் செய்ததெல்லாம் சின்னச் சின்ன ஒழுங்குகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர்: 'உன் ஆலோசகர் இன்னார், இந்தக் கதவு, இந்தக் கிழமை, இந்த நேரம்.' தவணையில் இரண்டு தடவை கட்டாயச் சந்திப்பு. பீடக் கைநூலின் விதிகளை ஆலோசகர்கள் எல்லாரும் தவணைத் தொடக்கத்தில் ஒன்றாக இருந்து வாசிப்பது. விதி தெரியாத அன்பு பிள்ளையின் ஒரு வருடத்தைத் தின்றுவிடும்.

முதல் வருடத்திலேயே ஒன்று விளங்கியது. கதவைத் திறந்து வைத்தால் வருகிறவர்கள் வரத் தேவையில்லாதவர்கள். 3.6 எடுத்த பிள்ளை 3.7 ஆக்குவது எப்படி என்று கேட்க வரும். இரண்டு பாடத்தில் தவறிய பிள்ளை வராது. வெட்கம் ஒரு காரணம், பாஷை இன்னொரு காரணம். அதற்கும் மேலே, கேட்கலாம் என்பதே தெரியாது. கிழக்கிலிருந்து வந்த தம்பி ஒருவர் ஒரு தவணை முழுக்கப் பரீட்சைக்குப் போகவில்லை. வாப்பா கடலுக்குப் போய் நோயில் விழுந்ததால் ஊருக்குப் போய்விட்டார். வைத்தியச் சான்றிதழும் கடிதமும் உரிய நாளுக்குள் கொடுத்திருந்தால் அந்தப் பரீட்சையை முதல் தடவையாகவே பின்னர் எழுதியிருக்கலாம். "ஏன் தம்பி ஒருத்தருக்கும் சொல்லல்ல?" என்று கேட்டேன். "ஆருக்கிட்டக் கேக்கிறண்டு தெரியல்ல சேர்" என்றார். இக்கட்டுரையின் தலைப்பு அவருடைய சொல்தான்.

அதன் பிறகு நாங்கள் காத்திருப்பதை விட்டுவிட்டோம். முதல் தவணைப் பெறுபேறும் வரவுப் பதிவும் வந்தவுடன் தவறியவர்களின் பட்டியலை எடுத்து நாங்களே அழைப்போம். அழைத்தும் வராத பிள்ளையைத் தேடி அவருடைய பட்ச் தோழனை அனுப்புவோம். ஜெனிங்ஸ் காலத்துச் சாப்பாட்டு மேசை தானாகக் கண்டுபிடித்ததை நாங்கள் பட்டியல் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அழகு குறைந்த வழிதான். ஆனால் அந்த மேசையில் இடம் கிடைக்காத பிள்ளையையும் இந்தப் பட்டியல் தொட்டது.

எமது சமூகத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஊர் சிறிது. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். பிள்ளையின் பெறுபேறு கேட்டுத் தகப்பன்மார் எனக்குக் கோல் எடுப்பார்கள். "சேர், மவள் எப்படிப் படிக்கிறா? நமக்குள்ள சொல்லுங்களேன்." நான் சொல்வது ஒன்றுதான்: "ஹாஜியார், மகள்கிட்டயே கேளுங்க. அவ சொல்லச் சொன்னா நானும் சொல்றேன்." சிலருக்கு மனம் நொந்தது. ஆனால் ஆலோசகருக்குச் சொன்னது அக்குறணைச் சந்திக்கு வந்துவிடும் என்று தெரிந்தால், ஒரு பெண்பிள்ளையும் வாய் திறக்காது. அமானிதம் என்ற சொல்லை நாம் பணத்துக்கும் பண்டத்துக்கும் சொல்கிறோம். ஒரு பிள்ளை அழுதுகொண்டு சொன்ன சொல்லும் அமானிதம்தான்.

ஆலோசகர் தன் எல்லையையும் அறியவேண்டும். பாடத் தெரிவுக்குக் கல்வி ஆலோசகர். விடுதி, ஒழுக்கம், பகிடிவதைக்கு மாணவர் ஆலோசகர். நித்திரையில்லாமல் தவிக்கும் பிள்ளைக்கு மனநல வைத்தியர். மூன்றையும் ஒருவரே பார்க்கப் போனால் மூன்றும் கெடும். "தொழுங்க, சரியாகிவிடும்" என்று சொல்லி நோயுள்ள பிள்ளையை அனுப்பிவிடுவது ஆலோசனையாகாது. தொழச் சொல்லலாம். வைத்தியரிடமும் கூட்டிப்போக வேண்டும்.

ஊர் செய்ய வேண்டியது

பல்கலைக்கழகம் தன் பங்கைச் செய்யட்டும். அதற்கு முன்பே நடக்கும் ஒரு காரியம் எமது கையில் இருக்கிறது. உயர்தரப் பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழகத் தெரிவுக்கு விண்ணப்பம் நிரப்புகிறார்கள். அதில் எழுதும் விருப்ப ஒழுங்கு வாழ்க்கையைத் தீர்மானிக்கும். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இஸட் புள்ளியும் மாவட்டமும் பாடத்தொகுதியும் சேர்ந்தே இடம் முடிவாகிறது. இத்தனை நுணுக்கமுள்ள படிவத்தை எத்தனையோ வீடுகளில் பிள்ளையும் தோழியும் சந்தியிலுள்ள கொமியூனிகேஷன் கடையில் இருந்து அரைமணித்தியாலத்தில் நிரப்பி முடிக்கிறார்கள். மருத்துவத்துக்கு மட்டும் கொஞ்சம் புள்ளி குறைந்தது என்று வேறு எதையும் ஒழுங்காக எழுதாமல், விருப்பமில்லாத கற்கைநெறியில் வந்து நான்கு வருடம் கஷ்டப்படும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்தேன்.

கண்டி மாவட்டத்தில் ஓய்வுபெற்ற முஸ்லிம் அதிபர்களும் விரிவுரையாளர்களும் பட்டதாரிகளும் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சித்திலெப்பைக்கும் ஜாயாவுக்கும் இந்த ஆள்பலம் இருக்கவில்லை. ஒவ்வொரு பள்ளிவாசலும் பெறுபேறு வரும் மாதத்தில் இரண்டு நாள் ஒதுக்கி, விதி தெரிந்த நான்கு பேரை மேசை போட்டு இருத்தினால் போதும். பெண்பிள்ளைகளோடு பேசப் பட்டதாரிப் பெண்களையும் இருத்தவேண்டும். மண்டபம் கட்டும் செலவு இதற்கில்லை. பிள்ளை பல்கலைக்கழகம் போன பின்பும் அந்த நால்வரில் ஒருவர் தவணைக்கு ஒரு முறை கோல் எடுத்து, "எத்தனை பாடம் பதிஞ்சீங்க? எதுல கஷ்டம்?" என்று கேட்கட்டும். பதிவேட்டில் பிள்ளையின் பெயரும் கேட்டவரின் பெயரும் இருக்கட்டும். இந்த வேலையில் நான் கண்ட ஒரே இரகசியம் அது: எல்லாரும் பொறுப்பு என்றால் ஒருவரும் கேட்பதில்லை. இன்னார் பொறுப்பு என்று எழுதி வைத்தால் கேட்பார்கள்.

நீதியரசர் அக்பர் கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று வாதாடினார். கட்டடம் வந்தது, கதவும் அகன்றது. உள்ளே போன பிள்ளைக்குத் துணையாக ஒரு பெரியவரின் பெயரை எழுதிக்கொடுப்பது எமது தலைமுறையின் பங்கு. அடுத்த பெறுபேறு வருவதற்குள் அதைத் தொடங்கலாம்.